துண்டுச் சீட்டும் முழு ஏடும்

2019ஆம் ஆண்டு மே மாதத்து முற்பகுதி. உயிர்த்த ஞாயிறாகிய ஏப்ரல் 21ஆம் நாள் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோய் இரண்டு வாரங்கள் கழிந்திருந்தன. அக்கரப்பத்தனையில் வழக்கம்போல ஆக்ரா ஓயாவின்மேல் மூடுபனி படிந்து கிடந்தது. வழக்கமல்லாத காட்சியொன்றும் இருந்தது. பாடசாலை வாயிலிலே பெற்றோர் நின்று, பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் திறந்து பார்த்து உள்ளே அனுப்பினர்.

நம் நாட்டுப் பாடசாலைகளிற் சமய பாட வேளை வந்ததும் பிள்ளைகள் பிரிவர். சைவநெறி ஓரறையில், இஸ்லாம் ஓரறையில், கிறித்தவம் வேறோரறையில். அடுத்து வரும் தமிழ்ப் பாட வேளையில் மீண்டும் ஒரே வாங்கில் வந்தமர்வர். பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு, ஒருவரும் கேளாமலே தமிழாசிரியனுக்கு வந்து சேருகிறது. அன்று அப்பொறுப்பு இரண்டு துண்டுச் சீட்டுகளாக என் மேசைமேல் வந்து விழுந்தது.

முதற் சீட்டைக் கொணர்ந்தவன் தோட்டத்து லயத்திலிருந்து வரும் சைவப் பிள்ளை. யாரோ கைப்பேசியில் அனுப்பியதைப் பார்த்தெழுதியிருந்தான். திருக்குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயம், ஐந்தாம் வசனம். அதிலும் இணைவைப்போரைக் கண்ட இடத்திற் கொல்லுமாறு கூறும் பகுதி மாத்திரம். இரண்டாஞ் சீட்டு, பஜாரிலே கடை நடத்தும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையினது. அதுவும் கைப்பேசி தந்ததே. விவிலியத்தில் முதலாம் சாமுவேல், பதினைந்தாம் அதிகாரம், மூன்றாம் வசனம். அமலேக்கியரை ஆண் பெண் என்று பாராமல், பால்குடிக்குங் குழந்தையையும் விடாமல் அழிக்குமாறு வந்த கட்டளை. இருவரும் நெடுநாள் நண்பர். அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்தனர்.

"ஐயா, இதற்கு என்ன பொருள்?" என்றான் முதல்வன்.

"அப்படியானால் இதற்கும் பொருள் சொல்லுங்கள், ஐயா" என்றான் மற்றவன்.

பொருள் கேட்ட மாணாக்கனுக்கு இல்லை என்னலாகாது. ஆயினும், பொருள் கூறப் புகுமுன் ஆசிரியன் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள.

தமிழிலே உரை என்பது ஒரு சொல்லுக்கு மறுசொல் வைப்பதோடு முடிவதன்று. அகப்பாட்டொன்றைக் கையில் எடுத்த உரைகாரர் முதலில் ஆராய்வது, இஃது யார் கூற்று, யாரை நோக்கியது, எவ்விடத்து, எக்காலத்து என்பனவே. தொல்காப்பியச் செய்யுளியல், எழுத்தையும் அசையையும் எண்ணிய அதே வரிசையிற் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணியிருக்கிறது. உறுப்பை வெட்டிய செய்யுள், கையை வெட்டிய உடல் போல்வது.

புறநானூற்றில் ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டுகளுள் ஒன்பதாவது, போர் தொடங்குமுன் ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவிக்கும் அறநெறியைக் கூறும். அதே புலவர் அதே மன்னனைப் பாடிய பதினைந்தாவது பாட்டு, பகைவரது ஊரைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கிய செய்தியைக் கூறும். முன்னதை மட்டும் சீட்டில் எழுதினால் வழுதி அறவோன். பின்னதை மட்டும் எழுதினாற் கொடியோன். இரண்டையும் ஒருங்கு படித்தவனே அம்மன்னனையும் அக்காலத்தையும் அறிந்தவனாவான்.

இவ்வளவும் வகுப்பிற் கூறி, இரு சீட்டுகளுக்கும் முன்னும் பின்னும் உள்ளவற்றைத் தேடிப் படித்தோம். விவிலியமும் குர்ஆனும் தமிழிலேயே கிடைக்கின்றன. 1715இல் தரங்கம்பாடியிலே புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முந்நூறாண்டு கடந்துவிட்டது. முழு ஏடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது சீட்டை நம்புவதற்கு நியாயம் இல்லை.

குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம், நபிகள் நாயகத்தோடு செய்த உடன்படிக்கையை மீறிய அரபு இணைவைப்போரைப் பற்றித் தொடங்குகிறது. அவர்களுக்கு நான்கு மாதத் தவணை கொடுக்கப்படுகிறது. சீட்டிலிருந்த ஐந்தாம் வசனத்துக்கு முன்னுள்ள நான்காம் வசனம், உடன்படிக்கையைக் காத்தவரை விலக்குகிறது. பின்னுள்ள ஆறாம் வசனம், அவ்விணைவைப்போருள் ஒருவன் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடுத்து, அவன் அஞ்சாது வாழத்தக்க இடத்திற் கொண்டுபோய்ச் சேர்க்குமாறு பணிக்கிறது. சீட்டெழுதியவன் நான்கையும் ஆறையும் விட்டு ஐந்தை மட்டும் எடுத்தது தற்செயலாக நேர்ந்ததன்று.

சாமுவேல் நூலின் செய்திக்கும் முன்வரலாறு உண்டு. எகிப்தினின்று புறப்பட்டுப் பாலையிலே தளர்ந்து நடந்த இசிரவேலரைப் பின்புறமாகத் தாக்கியவர் அமலேக்கியர் என்று மோசேயின் நூல்கள் கூறும். அப்பழைய பகைக்குச் சவுல் அரசன் காலத்திலே பழிதீர்க்குமாறு வந்தது அக்கட்டளை. குறித்த அரசன், குறித்த மக்கள், குறித்த போர். எக்காலத்துக்கும் எவர்க்கும் இட்ட பொதுவிதி என்று அதைக் கொள்ள இடமில்லை.

இவ்வளவிற் பாடம் முடிந்தது என்று எண்ணினேன். இரு பிள்ளைகளும் சற்றே தலை நிமிர்ந்தனர். அப்பொழுது நடு வாங்கிலிருந்த கத்தோலிக்கப் பெண்பிள்ளை எழுந்தாள்.

"விளங்குகிறது, ஐயா. ஆனால் அந்தப் பால்குடிக் குழந்தை என்ன செய்தது?"

அவள் கேட்டது தன் வேதத்தைப் பற்றி. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டவருள்ளும் குழந்தைகள் பலர் என்பதை அவள் அறிவாள், நானும் அறிவேன். என்னிடம் விடையில்லை. "அடுத்த வாரம் சொல்லுகிறேன், பிள்ளை" என்றேன். மணி அடித்தது.

இடமும் காலமும் கூறினால் எல்லா முடிச்சும் அவிழும் என்று கருதுவோர் நம்மில் அநேகர். அவிழாத முடிச்சும் உண்டு. உரை பொருளை விளக்கும். கறை இருந்தாற் கறை இருப்பதையும் காட்டும். அதனைக் கழுவித் தருவது உரையின் தொழில் அன்று. இவ்வுண்மையை அவ்விரு சமயத்துச் சான்றோரும் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இரண்டாம் நூற்றாண்டிலே மார்சியன் என்பார், பழைய ஏற்பாட்டிற் பேசும் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று கூறிப் பழைய ஏற்பாட்டையே தள்ளினார். திருச்சபை அதனை ஏற்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், யோசுவா வென்ற அரசர்களை மனத்துள்ளிருக்கும் தீக்குணங்களாகக் கொண்டு உட்பொருள் கூறினார். ஆனால் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஞானியரென்று போற்றப்படும் அகுஸ்தீனாரே, லூக்கா நூலின் விருந்துவமையில் விருந்தினரை வற்புறுத்தி அழைத்துவரச் சொன்னதை ஆதாரமாக்கி, மாறுபட்ட கிறித்தவரை அரசதண்டத்தால் அடக்குதற்கு நியாயம் கண்டார். விருந்துக்கு அழைத்த சொல் தண்டத்துக்கு உதவியது. கத்தோலிக்கக் குருமார் நாள்தோறும் ஓதும் மன்றாட்டு நூல் 1971இல் திருத்தி வெளிவந்தபோது, பகைவரைச் சபிக்கும் 58, 83, 109ஆம் சங்கீதங்கள் முழுமையாகவும், பாபிலோனின் குழந்தைகளைப் பற்றிய 137ஆம் சங்கீதத்து இறுதி வசனங்களும் அதில் விடப்பட்டன. ஏட்டினின்று நீக்கினாரல்லர், மன்றாடும் வாயினின்று நீக்கினர்.

இஸ்லாத்திலும் அவ்வாறே. 657இல் நடந்த சிப்பீன் போரின்பின் பிரிந்துபோன காரிஜிகள், தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்னும் மறைமொழியை எடுத்துக்கொண்டு, அலீ அவர்களையே மார்க்கத்துக்குப் புறம்பானவர் என்றனர். சொல் மெய், அதனாற் கருதிய நோக்கமே பொய் என்ற பொருள்பட அலீ மறுத்ததாக வரலாறு கூறும். 661இல் அவர்களுள் ஒருவனாலேயே அலீ கொலையுண்டார். துண்டு வசனத்துக்கு முதலிற் பலியானவர் முஸ்லிம்களே என்பது நினைக்கத்தக்கது. மேலும், ஒன்பதாம் அத்தியாயத்து ஐந்தாம் வசனம் முன்னிருந்த பொறுமை வசனங்கள் பலவற்றை மாற்றிவிட்டது என்று கூறிய உரையாசிரியரும் இருந்தனர். அவ்வாறு மாற்றப்பட்டவை ஏறத்தாழ இருபதே என்று சுயூத்தி குறைத்தார். 18ஆம் நூற்றாண்டிலே தில்லியில் வாழ்ந்த ஷா வலியுல்லாஹ் அவற்றை ஐந்தாகச் சுருக்கினார். இத்தகைய வாதம் அவர்களுக்குள்ளேயே ஆயிரமாண்டாக நடந்து வருகிறது.

நிற்க. இவ்வாதம் நம் தீவிற்கும் புதிதன்று. எங்கள் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியோடு கம்பளையைக் கடந்து செல்லும். அக்கம்பளையிலே 1871இற் பௌத்தருக்கும் கிறித்தவருக்கும் பகிரங்க வாதம் நிகழ்ந்தது. அதனிற் பெரியது 1873 ஆகஸ்ட் 26, 28ஆம் நாட்களிற் பாணந்துறையில் நடந்தது. ஒரு பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். மறு பக்கம் டேவிட் டி சில்வா பாதிரியார். ஆன்மா இல்லையென்றால் வினைப்பயனை நுகர்வோன் யார் என்று பாதிரியார் வினவினார். தேரரோ பழைய ஏற்பாட்டைத் திறந்தார். வழியிலே மோசேயைக் கொல்ல வந்த கடவுள் விருத்தசேதனத்து இரத்தத்தால் தணிந்த கதையை எடுத்து, இது பேய்க்கு இரத்தப்பலி கொடுப்பதை ஒக்குமே என்றார்.

அவர் எடுத்த சொல்லாராய்ச்சி ஒன்று தமிழாசிரியர்க்குச் சுவையானது. பத்துக் கட்டளைப் பகுதியிற் கடவுள் தம்மைப் பொறாமையுடையவர் என்று கூறிக்கொள்ளும் இடத்தைச் சிங்கள மொழிபெயர்ப்பு 'ஜ்வலித', அஃதாவது ஒளிவீசும், என்று மெழுகிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. நம் தமிழ் விவிலியத்தில் அவ்விடத்தே 'எரிச்சல்' என்னும் சொல் நிற்கிறது. இரண்டு சொல்லும் நெருப்பிற் பிறந்தவை. ஒன்று ஒளியாயிற்று, மற்றது உள்ளத்து வேக்காடாயிற்று. கடினமான இடத்தை மொழிபெயர்ப்பில் மறைத்தால், எதிரி அதனைத் தோண்டி எடுப்பான் என்பதே இதனாற் பெறப்படுவது.

பாணந்துறை வாதத்தை அமெரிக்கரான பீபிள்ஸ் நூலாக வெளியிட்டார். அதைப் படித்த ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார். பௌத்தப் பாடசாலைகள் பெருகின. ஆதலின் அவ்வாதம் வீண்போனது என்று கூறலாகாது. யாழ்ப்பாணத்திலோ, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவி, அந்நூலை நன்கு கற்றிருந்த ஆறுமுக நாவலர், 1854இற் சைவ தூஷண பரிகாரம் எழுதினார். எம் தீபத்தையும் தூபத்தையும் நைவேத்தியத்தையும் பழிக்கிறீரே, உம் வேதத்து எருசலேம் ஆலயத்தில் இவையனைத்தும் உளவே என்று பழைய ஏற்பாட்டைக் கொண்டே மறுத்தார். துண்டுச் சீட்டின் துணையால் எழுதிய மறுப்பன்று அது. முழு ஏட்டையும் பயின்றவரது மறுப்பு. அதே நாவலர், சிறுதெய்வக் கோயில்களில் ஆடு கோழி பலியிட்ட தம்மவரையும் அதே கடுமையோடு கண்டித்தார். பிறரை அளந்த கோலால் தம் வீட்டையும் அளந்தார்.

அக்கோலை நான் என் வீட்டில் வைத்தது அன்றிரவுதான். அந்தப் பிள்ளையின் கேள்வி உறங்கவிடவில்லை. பெரியபுராணத்தை எடுத்தேன். கோட்புலி நாயனார் வரலாற்றை நான் முப்பதாண்டுக்குமேற் கற்பித்து வருகிறேன். இறைவனுக்கென்று சேர்த்து வைத்த நெல்லைப் பஞ்சத்தில் எடுத்துண்ட சுற்றத்தாரையெல்லாம் அந்நாயனார் வாளுக்கிரையாக்கினார். கடைசியில் ஒரு குழந்தை எஞ்சுகிறது. இது அந்நெல்லை உண்ணவில்லையே, குடிக்கு ஒரு பிள்ளையாயிற்றே என்று காவலன் இரக்கிறான். உண்டவளின் பாலைக் குடித்ததே என்று கூறி அதனையும் வெட்டினார் என்பது சேக்கிழார் கூறும் செய்தி. இறுதியில் இறைவன் தோன்றி, மாண்டவரையெல்லாம் நற்கதி சேர்த்து, நாயனாரை ஆட்கொள்ளுகிறான். நான் வகுப்பிலே பக்தியின் வைராக்கியம் என்று கூறி, அந்தக் குழந்தையை ஒவ்வோராண்டும் மெல்லத் தாண்டிச் சென்றிருக்கிறேன். எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அமலேக்கியக் குழந்தையைப் பற்றி இன்னொருத்தி தன் வேதத்தை நோக்கிக் கேட்கத் துணிந்தாள். என் புராணத்துப் பால்குடிக் குழந்தையைப் பற்றி நான் கேட்கத் துணியவில்லை. சமணர் எண்ணாயிரவர் கழுவேறிய கதைக்கு அக்காலச் சான்றில்லை என்று ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர். அது நமக்கு ஆறுதலே. எனினும், நடவாத ஒன்றை நடந்ததாகப் பாடி மகிழ்ந்த உள்ளம் யாருடையது என்ற வினா எஞ்சுகிறது. மகாவம்சத்து 25ஆம் அத்தியாயத்தில், போரில் மாண்டோரை எண்ணி வருந்திய துட்டகைமுனுவுக்கு, நீ கொன்றது ஒன்றரை மனிதரையே என்று அரஹந்தர் ஆறுதல் கூறியதாக வருவதையும் இவ்விடத்து நினைக்கலாம். முள்ளில்லாத வேலி எவர் வீட்டைச் சுற்றியும் இல்லை.

ஆனால் அவ்விரவு வேறொன்றும் கண்டேன். கோட்புலியாரின் கதையிலே குழந்தைக்காக இரந்த அந்தக் காவலனும் சேக்கிழாரின் ஏட்டிலேயே இருக்கிறான். அவ்விரப்பைப் புலவர் மறைக்கவில்லை. புறநானூற்றின் 46ஆம் பாட்டிலே, மலையமானின் மக்களை யானைக் காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் தடுத்து நிறுத்துகிறார். யானையைக் கண்ட வியப்பால் அழுகையை மறந்த சிறுவர்கள் அவர்கள். விவிலியத்திலே யோனா நூலின் முடிவில், பகைநகரமாகிய நினிவேயிலுள்ள, வலக்கை இடக்கை அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்க்காகக் கடவுளே இரங்கிப் பேசுகிறார். நபிகள் நாயகம் ஒரு போரிலே பெண்ணொருத்தி மாண்டு கிடந்தது அறிந்து, பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்லலாகாதென்று தடுத்த செய்தியைப் புகாரி, முஸ்லிம் என்னும் இரு ஹதீஸ் தொகுப்புகளும் கூறுகின்றன. குழந்தையை வெட்டும் வாளும், குழந்தைக்காக இரக்கும் குரலும் ஒரே மரபுக்குள் உள்ளன. வாளைத் துண்டாக வெட்டி எடுத்துச் சீட்டில் எழுதுவோன், அந்தக் குரலையும் உடன் வெட்டிவிடுகிறான்.

சீட்டுப் படிப்பின் தீமை வேதத்தோடு நிற்பதில்லை. மறுவருடம், 2020 மே மாதத்தில், புத்தளம் மாவட்டத்திலே தமிழ் கற்பித்துவந்த மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். 2017இல் வெளிவந்த அவரது 'நவரசம்' என்னும் கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது குற்றச்சாட்டு. அந்நூலைத் தமிழிலே படித்தவர்கள், வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதிலே இருப்பதை எடுத்துக்காட்டினர். பத்தொன்பது மாதச் சிறைக்குப்பின், 2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கூற்றும் கேட்போரும் களனும் காலமும் நோக்காது கவிதையைப் படித்தால், ஒரு தமிழாசிரியன் வாழ்வில் மூன்றரை ஆண்டு போகும். இலக்கணம் ஏட்டுச் சுரைக்காய் என்று எள்ளுவோர் இதனைச் சிந்திக்க.

அடுத்த வாரம் வகுப்புக்குச் சென்றேன். அந்தப் பெண்பிள்ளையை நோக்கி, "உன் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அதே கேள்வி என் வீட்டிலும் இருக்கிறது" என்று கூறிக் கோட்புலியார் கதையை, குழந்தையைத் தாண்டாமற் படித்தேன். வகுப்பு அமைதியாயிருந்தது. பின்னர்க் காவலனின் இரப்பையும், கோவூர் கிழாரையும், யோனாவையும், நபிமொழியையும் கூறினேன்.

அவளிடம் கேட்டேன்: "இப்பொழுது என்ன நினைக்கிறாய்?"

"இரந்தவர்களின் பக்கம் நிற்கலாம், ஐயா" என்றாள்.

இதற்குமேற் சிறந்த உரை எனக்குத் தெரியாது. பிறர் வேதத்தை முழுமையாகப் படிப்பது நாம் அவர்க்குச் செலுத்தும் கடன். முழுமையாகப் படித்தபின்னும் நெஞ்சை உறுத்தும் இடத்தை உறுத்துகிறது என்று ஒப்புக்கொள்வது நாம் உண்மைக்குச் செலுத்தும் கடன். அவ்வுறுத்தலை முதலில் தன் வீட்டு ஏட்டிலே தேடுபவனுக்கே அடுத்தவன் வீட்டு ஏட்டைத் திறக்கும் உரிமை உண்டு.

அன்று மணியடித்தபின் இரு பிள்ளைகளும் மேசைக்கு வந்து தத்தம் சீட்டைக் கேட்டனர். கிழித்தெறியப் போகிறார்கள் என்று எண்ணினேன். இருவரும் ஒருவர் பேனாவை ஒருவர் வாங்கி, தம் வசனத்தின் முன்னும் பின்னும் விடுபட்டவற்றைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தனர். இடம் போதவில்லை. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன்.